கடைத்தெருவிலிருந்து நீதிமன்றப் படிவரை

பினாங்கு லிட்டில் இந்தியாவின் வணிகர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



புத்தாண்டு பிறக்கும் முன்பே உங்கள் கடைகளில் நாள்காட்டி வந்து இறங்கிவிடும். மளிகை வாங்க வந்தவர், புடவை எடுக்க வந்தவர், நகைக்குப் பணம் கட்ட வந்தவர் என்று எல்லோருக்கும் ஒன்றைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுப்பீர்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், நோன்புப் பெருநாள், தீபாவளி, ராகு காலம், எமகண்டம், பள்ளி விடுமுறை எல்லாம் அதில் இருக்கும். ஜூலை 2-க்கு நேரே மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அந்த ஒரு தேதிக்காகத்தான் இம்மடல் உங்கள் கடைவாசலுக்கு வருகிறது.

1988 ஜூலை 2, சனிக்கிழமை. கோலாலம்பூரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் அவசரமாகக் கூடினார்கள். தங்கள் தலைமை நீதிபதியைப் பதவி நீக்குவதற்கு நடந்துகொண்டிருந்த விசாரணை பற்றி ஒரு தடையுத்தரவு கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, ஐவருமே இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் உங்கள் ஊர்க்காரர். பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, லண்டனில் சட்டம் பயின்று, இதே ஊருக்குத் திரும்பி வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். டான் ஸ்ரீ யூசோஃப் அப்துல்காதர்.

உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரியாதது உங்கள் குற்றம் என்று சொல்ல இம்மடல் எழுதப்படவில்லை. தமிழில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் குறையை நீங்கள்தான் தீர்க்க முடியும் என்பதால் உங்களிடம் வருகிறது.

"அவர் தமிழர் இல்லையே" என்று ஒருவர் கேட்கக்கூடும். உண்மைதான். குஜராத்தி வழிவந்த முஸ்லிம் குடும்பம். தந்தை சர் ஹுசைன் அப்துல்காதரும் பினாங்கில் பெயர்பெற்ற வழக்கறிஞர். ஆனால் லிட்டில் இந்தியா என்ற பெயரை வாசலில் எழுதி வைத்திருப்பவர்கள் நீங்கள். லெபோ பசாரில் தமிழரும் குஜராத்தியரும் சிந்திகளும் பஞ்சாபியரும் தோளோடு தோள் நின்று கடை நடத்திய தெருக்கள் இவை. லெபோ குயினில் மகாமாரியம்மன் கோயில் மணி அடிக்கும்போது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கும் கேட்கிற இடம் இது. இங்கே உங்களுடையவர் யார், அடுத்தவர் யார் என்று பிரிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. போலீஸ் ஸ்டேஷன் வாசலையும் கோர்ட்டு வாசலையும் மிதிக்காமல் வாழ்ந்து முடித்தால் அதுவே புண்ணியம் என்பார்கள் பெரியவர்கள். அதன் பின்னால் நியாயமான பயம் இருக்கிறது. தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்த தலைமுறைக்கு நீதிமன்றம் என்றால் அபராதம், கைது, புரியாத மொழி. ஆனால் உங்கள் கடைத்தெருவிலிருந்து லைட் தெருவில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் பத்து நிமிட நடைதான். நீண்ட நீதிமன்ற வரலாறு உங்களுடையது. 1807-இல் பிரிட்டிஷ் மன்னர் வழங்கிய நீதிப் பட்டயத்தின்படி 1808-இல் பினாங்கில் நீதிமன்றம் திறந்தார்கள். அப்போது சிங்கப்பூர் என்றொரு பிரிட்டிஷ் துறைமுகமே கிடையாது. அந்த நீதிமன்ற வளாகத்தருகே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. ஐரோப்பியர் அல்லாத மக்களுக்காக வழக்காடிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு அவர் 1869-இல் இறந்த பிறகு எழுப்பியது. அவர் இறந்து இரண்டு ஆண்டில், 1871-இல், சூலியா வணிகர் முகமது நூர்தீனின் உயிலுக்கு எந்த நாட்டுச் சட்டப்படி பொருள் காண்பது என்ற வழக்கு இந்த ஊர் நீதிமன்றத்துக்கு வந்தது. அது இன்றைக்கும் மலேசியச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு. நூர்தீன் குடும்பத்தின் சமாதி சூலியா தெருவில் இருக்கிறது. அதைக் கடந்துதான் தினமும் கடை திறக்கப் போகிறீர்கள்.

ஆக, நீதிமன்றம் உங்களுக்கு அந்நிய இடம் அல்ல. உங்கள் முன்னோர் அங்கே போனவர்கள். இடையில் எங்கோ உறவு விட்டுப்போனது.

யூசோஃப் அப்துல்காதர் 1974-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். எண்பதுகளின் தொடக்கத்தில் கூட்டரசு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1985-இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டு, கூட்டரசு நீதிமன்றம் உச்ச நீதிமன்றம் என்று பெயர் மாறியபோது அதன் நீதிபதியாக இருந்தார். காமன்வெல்த்தின் சட்டச் சிங்கம் என்று வழக்கறிஞர்கள் அவரைச் சொல்வதுண்டு. பக்கத்தில் அகராதி இல்லாமல் அவர் தீர்ப்பைப் படிக்க முடியாது என்றும் சொல்வார்கள். லத்தீன் சொற்களும் யாரும் புழங்காத ஆங்கிலச் சொற்களும் வரிக்கு வரி வரும். அந்த அடர்த்திக்குள் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: நீதிமன்றக் கதவைத் தட்ட யாருக்கு உரிமை?

1982-இல் அந்தக் கேள்வி ஜொகூரிலிருந்து வந்தது. மெர்சிங் பக்கத்தில் நிலம் கேட்டு விண்ணப்பித்திருந்தார் ஒருவர். அந்த நிலம் அன்றைய மந்திரி பெசார் உள்ளிட்டவர்களுக்குப் போனது. விண்ணப்பித்தவர் வழக்குப் போட்டார். "கேட்டவருக்கெல்லாம் நிலம் கிடைத்தே தீர வேண்டும் என்று சட்டமா? இவருக்கு என்ன பாத்தியதை?" என்பது எதிர்த்தரப்பு வாதம். கூட்டரசு நீதிமன்ற அமர்வின் தீர்ப்பை எழுதியவர் யூசோஃப். இவருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்றார். ஒரு மாநிலத்தின் முதல்வரை எதிர்த்துச் சாதாரண விண்ணப்பதாரர் வழக்குத் தொடுக்கலாம் என்பது உறுதியானது.

ஆறு ஆண்டு கழித்து அதே கேள்வி உங்கள் வாசலுக்கே வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகை யுனைடெட் எஞ்சினியர்ஸ் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து லிம் கிட் சியாங் வழக்குப் போட்டிருந்தார். அப்போது அவர் தஞ்சோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தஞ்சோங் என்றால் ஜார்ஜ்டவுன், அதாவது உங்கள் தெருக்கள். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர், வரி கட்டுபவர், மக்களின் பிரதிநிதி என்ற மூன்று நிலையிலும் அவர் கேள்வி கேட்டார். 1988 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது. அவருக்குத் தகுதி இல்லை என்றது பெரும்பான்மை. அன்றைக்கு அவர் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் பிடிபட்டு, இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காவலில் இருந்தார். தகுதி உண்டு என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இருவர் ஜார்ஜ் சியாவும் யூசோஃப் அப்துல்காதரும்.

அந்த இரண்டு பேர் எழுதியது வீண்போகவில்லை. 26 ஆண்டு கழித்து, 2014-இல், சிலாங்கூர் தண்ணீர்க் கட்டண உயர்வு தொடர்பாக எம்டியுசி தொழிற்சங்கம் போட்ட வழக்கில், அரசின் முடிவுகளை எதிர்க்கும் நீதிப்புனராய்வுக்கு 1988-இன் கடுமையான அளவுகோல் பொருந்தாது என்று, பழைய பெயருக்கே திரும்பிவிட்ட கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு இன்று உங்களுக்கும் முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு திட்டம் வந்து உங்கள் தொழிலைப் பாதித்தால், உங்கள் சங்கம் போய்க் கேட்பதற்கான இடம் அது. அது திறந்திருப்பது உங்களுக்குத் தெரியுமா?

இப்போது இன்னொரு வழக்குக்கு வருவோம். இது கொஞ்சம் நுட்பமானது. ஆனால் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் கண்ணீரோடு பார்த்த ஒரு தீர்ப்பின் வேர் இதில் இருக்கிறது. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 418ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கீழ் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு மாற்ற அரசு வழக்கறிஞர் ஒரு சான்றிதழ் நீட்டினால் போதும். அந்த நீதிபதி மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட வேண்டும். 1987-இல் டத்தோ யாப் பெங் வழக்கில் இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைப் பக்கத்தில் எழுதியவர் யூசோஃப். நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்று அரசமைப்புச் சட்டத்தின் 121-ஆம் விதி சொல்கிறது. வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்று நிர்ணயிப்பதும் அந்த அதிகாரத்தில் சேர்ந்தது. அரசாங்கத்தின் ஆள் அதில் கை வைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1988 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறி, ஜூன் 10-இல் நடப்புக்கு வந்தது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்ற சொற்கள் 121-ஆம் விதியிலிருந்து நீக்கப்பட்டன. நாடாளுமன்றச் சட்டம் கொடுக்கும் அளவுதான் நீதிமன்றத்தின் அதிகாரம் என்று மாற்றி எழுதப்பட்டது. ஷரியா நீதிமன்ற வரம்புக்குள் வரும் விஷயங்களில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்ற 1ஏ உட்பிரிவும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தது.

அந்த 1ஏ என்ன செய்தது என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஈப்போவில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியையின் மூன்று பிள்ளைகளை, 2009-இல், அவர் சம்மதம் இல்லாமல் தந்தை இஸ்லாத்துக்கு மதம் மாற்றியது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாயின் பெயரால் இந்திரா காந்தி வழக்கு என்று உங்கள் கடைகளில் பேசாத நாளில்லை. 2013-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மதமாற்றம் செல்லாது என்றது. எந்த அடிப்படையில்? அதற்கு முந்தைய ஆண்டு செமெஞே ஜெயா என்ற நில எடுப்பு வழக்கில், திருத்தம் வந்தாலும் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடமே இருக்கிறது, அது அரசமைப்பின் அடித்தளம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தளத்தின் மேல்தான் ஈப்போத் தாயின் வெற்றி நின்றது. 1987-இல் யூசோஃப் கட்டிக்காத்த கொள்கை, 30 ஆண்டு மண்ணுக்குள் கிடந்து, ஒரு தமிழ்த் தாயின் வழக்கில் முளைத்தது.

அந்தத் தீர்ப்பு வந்த நாளில் உங்கள் தெருக்களில் மகிழ்ந்தீர்கள். வேரை மட்டும் உங்களுக்கு யாரும் காட்டவில்லை.

இனி ஜூலை 2. அதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரதமர் மகாதீர் நீதித்துறையை வெளிப்படையாகச் சாடிவந்த நேரம். தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் மார்ச் மாதம் மாமன்னருக்குத் தம் கவலையைக் கடிதமாக எழுதினார். மே கடைசியில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரிக்க ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. அவர் போனால் அந்த நாற்காலி யாருக்கு வருமோ, அவரே அதன் தலைவர். தீர்ப்பாய உறுப்பினர்களில் ஒருவர் சிங்கப்பூர் நீதிபதி டி. எஸ். சின்னத்துரை. தமிழ்ப் பெயர். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தம்மை விசாரிக்கும் முறையை எதிர்த்து சாலே அபாஸ் நீதிமன்றம் போனார். மனு விசாரணைக்கு வருமுன் அறிக்கை மாமன்னர் கைக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. அந்த நெருக்கடியில்தான் ஐந்து நீதிபதிகள் கூடி, அறிக்கையை அனுப்பக் கூடாது என்று தடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நெடுஞ்சாலை வழக்கில் யூசோஃபுக்கு எதிர்ப்பக்கம் தீர்ப்பெழுதிய மூவரில் ஒருவர் இதே சாலே அபாஸ். யாப் பெங் வழக்கிலும் சாலே அபாஸ் யூசோஃபின் கருத்தை ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சட்டத்தில் முரண்பட்ட ஒருவருக்காக யூசோஃப் தம் பதவியையே பணயம் வைத்தார். நண்பருக்காக என்றால் அது நட்பு என்று விட்டுவிடலாம். தம்மோடு ஒத்துப்போகாதவர் என்றாலும் நியாயமான விசாரணை இல்லாமல் அவரை அனுப்பக் கூடாது என்பதுதான் அவர் நிலை. உங்கள் சங்கத் தேர்தல்களில், கோயில் நிர்வாகச் சண்டைகளில், எதிரணிக்காரருக்கு அநியாயம் நடக்கும்போது எழுந்து நின்றவர் எத்தனை பேர்? இந்தக் கதை உங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது அதனால்தான்.

சாலே அபாஸ் ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். ஐவர் மீதான விசாரணையில் வான் சுலைமானும் ஜார்ஜ் சியாவும் வேலையிழந்தார்கள். அஸ்மி கமாருடின், வான் ஹம்சா, யூசோஃப் ஆகிய மூவரும் மீண்டும் பதவிக்கு வந்தார்கள். 1989-இல் யூசோஃப் ஓய்வு பெற்றார். 1996 ஜனவரியில் மறைந்தார். நெருக்கடி முடிந்து 20 ஆண்டான பிறகு, 2008-இல், துன் அப்துல்லா படாவியின் அரசாங்கம் அந்த ஆறு நீதிபதிகளுக்கும் கருணைத்தொகை அறிவித்தது. அதைக் கேட்க யூசோஃப் உயிரோடு இல்லை.

எல்லாத் தீர்ப்பிலும் அவர் மக்கள் விரும்பியதையே சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். சீன சமூகம் பெரும் கனவோடு கேட்ட மெர்டேக்கா பல்கலைக்கழகத்தை 1981-இல் உயர் நீதிமன்றத்தில் மறுத்தவர் அவரே. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அதற்கு எதிராக, பல்கலைக்கழகத்தின் பக்கம், தனி ஒருவராக நின்றவர் ஜார்ஜ் சியா. அந்த வழக்கில் எதிரெதிரே நின்ற இருவரும் 1988-இல் இரண்டு முறை ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். கைதட்டலுக்காக எழுதியவர் என்றால் அவரைப் பற்றி உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை.

அந்த 1988-இல் தமிழர் எங்கே இருந்தார்கள் என்று கேட்பீர்களானால், முன்வரிசையில் இருந்தார்கள். 1986 முதல் 1988 வரை வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்தவர் பரம் குமாரசுவாமி. பிறகு 1994 முதல் 2003 வரை நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்தைக் காக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக உலகம் சுற்றினார். அவர் பேசியதற்காக மலேசியாவில் அவர் மேல் அவதூறு வழக்குகள் பாய்ந்தன. ஐ.நா. பணியில் பேசியதற்கு அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1999-இல் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றமே கருத்துரை வழங்கியது. ஒரு மலேசியத் தமிழ் வழக்கறிஞரின் பெயர் அந்த நீதிமன்றத்தின் ஏட்டில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் பாடத்தில் இருக்கிறதா?

சட்டம் உங்கள் வீட்டுக்கு வரும்போது சொல்லிக்கொண்டு வராது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 பிறந்தபோது முடிந்தது. பல தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருந்த கடைவீடுகளில் வாடகை எகிறியது. ஜார்ஜ்டவுனின் பழைய குடிகள் பெட்டி படுக்கையோடு வெளியேறியதை நீங்கள் பார்த்தீர்கள். சட்டத்தை நீக்கும் முடிவு 1997-இலேயே சட்டமாகிவிட்டது. தயார் செய்துகொள்ள இரண்டு ஆண்டுக்குமேல் அவகாசம் இருந்தது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களைத் தமிழில் உட்கார வைத்துச் சொல்ல அன்றைக்கு ஒரு மேடை இருந்திருந்தால், பலர் முன்கூட்டியே வழி தேடியிருப்பார்கள்.

இன்னொன்று தஞ்சோங் பூங்காவில் நடந்தது. தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்கு அங்கே நிலம் இருந்தது. வேறொருத்தி அந்த அம்மாள் பெயரில் போலி ஆவணம் தயாரித்து, 1989-இல் அடோர்னா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். உயர் நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலம் உண்மையான சொந்தக்காரருக்கே என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீ ராம். 1994-இல் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேரே அந்த நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் நீதிபதி அவர். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றி, நிலத்தை வாங்கியவருக்கே கொடுத்தது. நாட்டில் நிலம் வைத்திருந்த எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைந்தது. 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில், 2000-இல் தாங்கள் சொன்னது தவறு என்று கூட்டரசு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவில் ஒரு வாசகத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் சண்டை. கடைவீட்டுப் பட்டா இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் உங்களுக்கு இது ஊர்க்கதை அல்ல.

இவ்வளவும் சட்ட ஏடுகளில் இருக்கிறது. 1932 முதல் வரும் மலாயன் லா ஜர்னலின் தடித்த தொகுதிகளில், ஆங்கிலத்தில், வழக்கறிஞர் அலுவலக அலமாரிகளில். யூசோஃபின் தீர்ப்புகளோ ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களையே திணறடிப்பவை. தமிழில் சிறு புத்தகமாகக்கூட அவை உங்கள் கடைகளில் கிடைப்பதில்லை. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவராக நீங்கள் நிற்கும்போது. குடிமக்களாக நீங்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும்போது மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை. இதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்களிடம் பணமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறீர்கள். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை மூட்டையாக வருகிறது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு வாரி வழங்குகிறீர்கள். பட்டிமன்றத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து பேச்சாளரை அழைக்கிறீர்கள். நீதிபதி சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது குறவர் குடும்பத்துக்காக வாதாடிய கதை 2021-இல் 'ஜெய் பீம்' படமாக வந்தபோது, அதைப் பார்த்துக் கலங்காதவர் உங்களில் குறைவு. சட்டத்தைக் கதையாகச் சொன்னால் நீங்கள் உட்கார்ந்து கேட்பீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? உங்கள் ஊர் நீதிபதியின் கதை அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஆண்டுக்கு ஒரு மாலை. ஜூலை 2 அன்று உங்கள் சங்க மண்டபங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்துவிடுங்கள். ஒரு தீர்ப்பு, ஒரு தமிழ் வழக்கறிஞர், ஒரு மணி நேரம். முதல் ஆண்டு நெடுஞ்சாலை வழக்கில் யூசோஃப் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. அடுத்த ஆண்டு யாப் பெங். அதற்கடுத்து அடோர்னா. பொன்னாடையும் மாலையும் வேண்டாம். பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் கேள்விக்கு விடுங்கள். வாடகை ஒப்பந்தமும் பட்டாவும் உயிலும் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்கள் உங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு சிறு நூல். பத்துத் தீர்ப்புகளை, ஒவ்வொன்றையும் நாலைந்து பக்கத்தில், எளிய தமிழில் எழுதி அச்சிட்டு, பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் கொடுங்கள். எழுத ஆள் இருக்கிறார்கள். இந்தத் தெருக்களில் வளர்ந்து சட்டம் படிக்கும் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். அவர்களின் அப்பாவும் அம்மாவும் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு வேண்டியது அச்சுச் செலவும் "எழுது, நாங்கள் போடுகிறோம்" என்ற உங்கள் வார்த்தையும்.

மூன்றாவதற்குக் காசே வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுது, உங்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து லைட் தெருவுக்கு அழைத்துப் போங்கள். லோகன் நினைவுச்சின்னத்தைக் காட்டுங்கள். பிறகு உள்ளே போய்ப் பொதுமக்கள் இருக்கையில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம் என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒழுங்கான உடையும் கைப்பேசியை அணைத்து வைப்பதும் போதும். யாரோ ஒருவரின் வழக்கை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வரட்டும் பிள்ளை. உங்கள் தகப்பனார் உங்களைக் கூட்டிப் போகாத இடத்துக்கு நீங்கள் கூட்டிப் போனதாக இருக்கட்டும்.

இவற்றில் ஒன்றையாவது எடுத்துச் செய்யுங்கள். யூசோஃப் அப்துல்காதர் தட்டத் தட்டத் திறக்க வேண்டும் என்று வாதாடிய கதவு உங்கள் தெருமுனையில் இருக்கிறது. அவருடைய ஊரில், அவர் சொன்னது தமிழில் கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நாள்காட்டிக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கும்போது ஜூலை 2-க்கு நேரே ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்கள்: "1988: நீதித்துறைக்காக ஐந்து நீதிபதிகள் நின்ற நாள். அவர்களில் ஒருவர் பினாங்கைச் சேர்ந்தவர்." வாங்கிப் போகிறவர் வீட்டுச் சுவரில் அது ஓராண்டு தொங்கும். யாரந்தப் பினாங்குக்காரர் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.